அங்கயற்கண்ணியின் ஆட்சேபணை

அநியாயம் நடந்தது தும்பிக்கு. நடத்தியவன் ஹரிஹரசுதன். தும்பி ஒரு படத்தில் வருகிறவள்தானே, இல்லாத ஒருத்திக்கு எங்கிருந்து அநியாயம் வரும் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும், அங்கயற்கண்ணிக்கு அதெல்லாம் காதில் ஏறாது. பூமிக்கு மேலே சக்கரம் மாதிரிச் சுழன்றுகொண்டே இருக்கிற ஒரு நகரம், அதன் காற்றுக்குழாய்களுக்குள் புகுந்து தூசி துடைக்கிற வேலைக்காரி தும்பி, குழாய்க்குள் நுழைகிற அளவுக்குத்தான் ஆள்; படம் முழுக்க அவளைத் துரத்துகிற காவல் தலைவன் வேதமுத்து, நின்றால் கதவே அடைபட்டுப் போகிற உருவம்; கடைசிச் சண்டையில் அவனை அவள் ஒரு கையால் பிடித்துச் சுழற்றி எறிந்துவிடுகிறாள். ‘ஏழாம் வளையம்’ படத்தின் கதை இவ்வளவுதான். நேற்றுச் சாயங்காலம் பல்கலைக்கழகத் திரை வட்டத்தில் அதைப் போட்டார்கள். அந்தப் படம்தான் வேண்டும் என்று சண்டை பிடித்து வாங்கியவள் அங்கயற்கண்ணி, எம்.எஸ்சி. இயற்பியல், உயரம் நாலடி பத்து அங்குலம், ஆளைவிடப் பேர் நீளம் என்று வகுப்பே ‘அங்கை’ என்று சுருக்கி வைத்திருந்தது. வட்டத்தை நடத்துகிறவன் ஹரிஹரசுதன், அதே துறையில் ஆராய்ச்சி மாணவன், ஆறடிக்கு மேல். விளக்குப் போட்டதும் எழுந்தான். “சண்டைக்கு நடுவுல மேசை மேல இருக்குற டீய உத்து உத்துப் பாக்குது பாப்பா. முதல்ல அதுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்கப்பா” என்றான். சிரிப்பு. “அப்புறம் எடை. இந்தப் பக்கம் நாப்பது கிலோ. அந்தப் பக்கம் நூத்திப் பத்து. பிசிக்ஸ் படிச்ச நாமளே இதுக்குக் கை தட்டுனா எப்படி? உதாரணத்துக்கு நம்ம அங்கையவே எடுத்துக்குவோம்” என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்து, அவள் முதுகுப்பையின் மேல்பிடியை ஒரு கையால் பற்றி, அவளோடு சேர்த்து உயர்த்தினான். குதிகால்கள் தரையை விட்டன. கூடமே சிரித்தது. அங்கயற்கண்ணியும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் வினை. இன்று மத்தியானம் வட்டத்தின் வாட்ஸப்பில் அவன் அறிக்கை போட்டிருந்தான்: ‘சிறிய உருவம் கொண்ட நாயகிகளின் சண்டைக் காட்சிகள் நம்பத்தக்கவை அல்ல என்று முடிவானது. படத்தைத் தேர்ந்தெடுத்த அங்கயற்கண்ணியும் இறுதியில் சிரித்து ஒப்புக்கொண்டார். ஆட்சேபணை இருந்தால் இன்றைக்குள் தெரிவிக்கவும். நாளை சுவரிதழில் ஒட்டப்படும்.’

சிரித்து ஒப்புக்கொண்டார். சிரித்து, ஒப்புக்கொண்டார். சிரித்தது நிஜம், அதை மறுக்க முடியாது, நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். ஒப்புக்கொண்டது எப்போது? இரண்டுக்கும் நடுவில் அவன் போட்ட அந்த வினையெச்சப் பாலத்தின் மேல் ஏறி நின்று குதிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு, ஆனால் குதிக்க இடமில்லை, பெரியார் நிலையம் போகிற டவுன் பஸ், சாயங்காலக் கூட்டம், அவள் மூக்குக்கு நேரே ஒரு அக்காவின் முழங்கை, முழங்கையில் பழைய அம்மைத் தழும்பு, பக்கவாட்டில் யாருடைய டிபன் கூடையிலிருந்தோ புளிச்ச மோர் வாடை. மேலே ஓடுகிற கம்பி அவளுக்கு எட்டாது. பஸ்ஸில் ஏறின மறுநிமிடமே அவளுடைய வலது கால் தானாகப் போய் இருக்கையின் இரும்புக் காலைத் தேடும். கட்டை விரலை அதன் அடியில் செருகிக்கொள்ளும். இடது முட்டி இருக்கையின் பக்கத் தகட்டில் சாயும். அதற்கப்புறம்தான் அவளுக்கே தான் நின்றுவிட்டது தெரியும். முன்வாசலை ஒட்டின அந்த இருக்கையில் ஷாஹிதா. முன்னாலேயே ஓடிப்போய் இடம் பிடித்துவிட்டாள், அதற்குத் தண்டனையாக நிற்கிறவர்களின் பைகளெல்லாம் அவள் மடியில், தாடைவரைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே அங்கயற்கண்ணியின் பை, அதன் வலைப்பையில் பாதி தண்ணீரோடு பாட்டில். “என்னடி உர்ருன்னு நிக்கிற? போட்டுவிட வேண்டியதுதான பதிலை” என்றாள் ஷாஹிதா பைகளுக்குப் பின்னாலிருந்து. “யோசிக்கிறேன்.” “மத்தியானத்துல இருந்து யோசிக்கிற. நீ எப்பவும் வாயத் தொறந்தா மூடமாட்டியே, இன்னைக்கு என்ன?” நாகமலை புதுக்கோட்டை நிறுத்தத்தில் பஸ் நின்றது, பின்வாசல் அடைத்துக்கொண்டிருந்ததால் முன்வாசல் வழியாக ஒரு தலை குனிந்து உள்ளே வந்து நிமிர்ந்தது. ஹரிஹரசுதன். எப்போதும் பைக்கில் போகிறவன். ஷாஹிதா கண்களை உருட்டினாள். “ஆத்தாடி. அண்ணன் வண்டிய வொர்க்‌ஷாப்புல விட்டிருக்காராம்டி, காலையிலயே சொன்னாங்க.” கூட்டம் அவனைத் தள்ளித் தள்ளி அங்கயற்கண்ணிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அவன் மேல்கம்பியை ஒரு கையால், வெறுமனே விரல் நுனியால், சட்டை மாட்டும் கொக்கிபோல் பிடித்துக்கொண்டான். இன்னொரு கையில் செல்போன். முதுகில் பெரிய பை. “அண்ணே, பையக் குடுங்க, வச்சுக்குறேன்” என்றாள் ஷாஹிதா, பஸ்ஸில் யாராக இருந்தாலும் கேட்கிற கேள்வி அது, எதிரியாக இருந்தாலும். “இருக்கட்டும்மா, லேப்டாப் இருக்கு.” “பைய எறக்குனா நாங்க என்ன தின்னுருவமா தம்பி? மூஞ்சில இடிக்குதுல்ல” என்று பின்னாலிருந்த ஒரு அம்மா. அவன் அதற்கும் சிரித்துவைத்தான், இறக்கவில்லை. பிறகு கீழே பார்த்தான். “அட, அங்கை. அறிக்கை பாத்தியா? நல்லா வந்திருக்கா?” அவள் சொன்னாள்: “ம்.”

ம் என்றாளாம். ம் என்றால் என்ன அர்த்தம்? பார்த்தேன் என்றா, நல்லா வந்திருக்கிறது என்றா? இப்போது ஒரு சிரிப்போடு ஒரு ‘ம்’மும் சேர்ந்துகொண்டது, நாளைக்கு ‘ம் என்று வழிமொழிந்தார்’ என்று அதையும் எழுதுவான். அப்படி என்ன பயம் அவனிடம்? பயமெல்லாம் இல்லை. நல்லவன்தான், அதுதான் எரிச்சல், லேபில் மீட்டர் வேலை செய்யாவிட்டால் தன் வேலையை விட்டுவிட்டு வந்து பார்க்கிறவன். இவனைக் கெட்டவன் என்று ஒதுக்கிவிட்டால் எவ்வளவு சுலபம். சரி, பதில். பதிலை ஒழுங்காகக் கட்டு, அங்கயற்கண்ணி. முதல் பதில், எல்லாரும் சொல்லுகிற பதில்: உங்கள் ஹீரோ ஒரே குத்தில் பதினைந்து பேரைக் காற்றில் பறக்கவிடுகிறானே, சுமோ வண்டி குட்டிக்கரணம் போடுகிறதே, அப்போதெல்லாம் உங்கள் பிசிக்ஸ் எந்தக் கேன்டீனில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தது? நல்ல பதில்தான். விசில்கூட விழும். ஆனால் ஹரிஹரசுதன் என்ன சொல்வான் என்பது அவளுக்கு இப்போதே காதில் கேட்கிறது: ‘ஆமா, அதுவும் பொய், இதுவும் பொய், அப்ப நான் சொன்னது சரிதான?’ அந்த ஹீரோ செய்கிற அதே தப்பைக் காட்டி அவள் தும்பியை விடுவிக்க முடியாது. இன்னொரு திருடனைக் காட்டி நம் ஆளைக் குற்றமற்றவள் என்று எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பது? அதை அழி. இரண்டாவது பதில். இதே மதுரையில், வருஷா வருஷம் சித்திரைத் திருவிழாவில், மாசி வீதியில், திக்விஜயத்தன்றைக்கு மீனாட்சி எட்டுத் திசைக்காரர்களையும் வரிசையாக ஜெயிக்கிறாள், லட்சம் ஜனம் நின்று பார்க்கிறது, என் பேரே அவள் பேர்தான், அவளுக்கு எத்தனை கிலோ என்று எவனாவது வாயைத் திறந்து கேட்டானா? இதை அவள் ஷாஹிதாவின் காதருகே குனிந்து, அவனுக்குக் கேட்காத குரலில் சொல்லியும் பார்த்தாள். ஷாஹிதா ஒரு நொடி யோசித்தாள். “அது சாமிடி.” “அதனால?” “அதனால என்ன அதனால? சாமின்னா கேக்கமாட்டாங்க. உன் ஆளு சாமியா? குழாய் தொடைக்கிறவ. குழாய் தொடைக்கிறவளுக்கு எடை உண்டு.” அவ்வளவு கச்சிதமாக அவளால் எப்படி முடிகிறது என்று வயிற்றெரிச்சலாக இருந்தது. உண்மைதான். தும்பியைச் சாமியாக்கினால் தும்பி செத்தாள். அவளுடைய அழகே அவள் சாமி இல்லை என்பதுதான், மூச்சு வாங்குகிறவள் என்பதுதான், அடி விழுந்தால் உதட்டைக் கடித்து எச்சிலை விழுங்குகிறவள் என்பதுதான். அழி. அச்சம்பத்து வந்தது, இறங்கினவர்கள் இரண்டு பேர், ஏறினவர்கள் ஏழெட்டு. “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல பந்து வெளையாடலாம் போல கெடக்கு” என்று நடத்துநர் கத்தினார். நடுவில் ஊசி விழ இடமில்லை. இடுப்பில் கைக்குழந்தை தூங்க, ஒரு பெண் நுழைந்து நுழைந்து முன்னால் போய் என்ஜின் மூடியின் ஓரத்தில் சாய்ந்து நின்றாள். குழந்தையின் ஒரு கால் கொலுசு நழுவிப் பாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த மைய அறைச் சண்டையைச் சொல்ல வேண்டும். அதை மட்டும் சொன்னால் போதும். நகரம் சுழல்கிற அச்சில், நடுவே, ஒருவருக்கும் எடை கிடையாத இடம். சக்கரத்தின் விளிம்புக்குப் போகப் போகத்தான் சுழற்சி ஆளை வெளியே தள்ளித் தள்ளி எடை என்று ஒன்று வரும், நடுவில் எல்லாரும் பஞ்சு. அங்கே வேதமுத்துவின் ஆட்கள் மூன்று பேர் அவளை மடக்குகிறார்கள். முதல்வன் ஓங்கிக் குத்துகிறான், குத்தின குத்தில் அவனே பின்னால் போகிறான், ஏனென்றால் காலுக்குக் கீழே தரை என்று ஒன்று இருந்தால்தானே குத்துக்கு வலு. தும்பி குத்துவதற்கு முன்னால், ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு முறையும், சுவரில் ஓடுகிற ஏதாவதொரு குழாயின் அடியில் கால் கட்டை விரலைச் செருகிக்கொள்கிறாள். இதை முதல் தடவை பார்த்தபோது அங்கயற்கண்ணி கவனிக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, அந்தக் கட்டை விரல் தெரிந்தது, தெரிந்ததும் ரோமம் சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் அது அவளுடைய கட்டை விரல், டவுன் பஸ் கட்டை விரல். யாரோ ஒருவர் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார். யாரோ ஒருவர் அந்த நடிகையிடம், முஷ்டியை விடு, முஷ்டியைப் பார்க்கத்தான் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நீ காலைப் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். அவளும் அதைத் திரும்பத் திரும்பச் செய்து உடம்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள், நடிப்பு என்று தெரியாத அளவுக்கு, மூக்கைச் சொறிகிற மாதிரி இயல்பாக. படம் முழுக்கத் தும்பி எங்கேயும் பலத்தால் ஜெயிப்பதே இல்லை. அவளுக்குப் பலம் இல்லை என்பதைப் படம் ஒரு நிமிஷம்கூட மறைப்பதும் இல்லை. தண்ணீர்ப் பீப்பாயை நகர்த்த முடியாமல் அவள் அதை உதைக்கிற காட்சி ஒன்று உண்டு, எவ்வளவு நேர்மையான உதை அது. பெரிய ஆட்கள் இருக்கிற இடத்தையெல்லாம் தங்கள் இடம் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறார்கள், தும்பி மட்டும்தான் இடத்தைக் கேட்டுக் கேட்டு நிற்கிறாள், இங்கே பிடி உண்டா, இங்கே வழுக்குமா, இந்தப் பக்கம் எது சாயும். நாயகன் சண்டை போட்டால் உலகம் அவனுக்காக மெதுவாகும். தும்பிக்காக எதுவும் மெதுவாகாது. அவள்தான் உலகத்தின் வேகத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்ல வேண்டும், இப்படியே சொல்ல வேண்டும், செல்போனை எடுத்து ‘மைய அறைச் சண்டையில்’ என்று தட்டினாள், தட்டின கையோடு நின்றாள். ஏனென்றால் அவன் கேட்கப்போகிறது மைய அறையை இல்லை. கடைசிச் சண்டையை.

கடைசிச் சண்டை விளிம்பில். ஏழாம் வளையத்தில், எடை முழுசாக இருக்கிற இடத்தில், காவலர் உணவறையில். அங்கே பஞ்சு இல்லை, நூற்றிப் பத்துக் கிலோ நூற்றிப் பத்துக் கிலோதான். வேதமுத்து உத்தரக் கம்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவளை எட்டி எட்டி உதைக்கிறான். அவள் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறாள். மேசை மேல் ஒரு கண்ணாடி டம்ளரில் யாரோ குடிக்காமல் வைத்துவிட்டுப் போன டீ. தும்பி அதைப் பார்க்கிறாள், வெகு நேரம் பார்க்கிறாள். பிறகு எழுந்து அவன் காலரைப் பிடித்து ஒரு சுழற்று, அவன் அறையின் அந்தக் கோடிக்குப் போய் விழுகிறான். படம் முடிந்தது. அதுதான் முள். ஏனென்றால், சொன்னால் வெட்கம், அதை அங்கயற்கண்ணியும் நம்பவில்லை. மூன்று தடவை பார்த்தும் நம்பவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் அவளுக்குள் ஏதோ ஒன்று கண்ணை மூடிக்கொள்ளும், போகட்டும், இவ்வளவு நன்றாக எடுத்தவர்கள் கடைசியில் கைதட்டலுக்கு ஆசைப்பட்டுவிட்டார்கள், போகட்டும் என்று விட்டுக்கொடுத்துவிடும். நேற்று அவன் எடையைச் சொன்னபோது அவளுக்குள் அந்தப் போகட்டும்தான் அசைந்தது. அப்படியென்றால் சிரித்தது அதனாலா? உண்மையிலேயே ஒப்புக்கொண்டுதான் சிரித்தாளா? அப்படியென்றால் அறிக்கை சரி. இல்லை. இல்லை, அது வேறு. தூக்கினான், சிரித்தாள். அவளைத் தூக்காதவர் யார்? ஐந்தாம் வகுப்பில் விளையாட்டு வாத்தியார் கொடிக்கயிறு சிக்கினால் அவளைத்தான் தூக்குவார். கல்யாண வீட்டில் மாமாக்கள் யாராவது, ‘ஏய், இன்னும் வளரலயா நீ’ என்று, பதினாறு வயதிலும், எல்லார் முன்னாலும், கையை வைத்து. தூக்கினால் சிரிக்க வேண்டும். கால் தரையை விட்டதும் நெஞ்சு திக்கென்று நின்று, அந்தத் திக்கை மறைக்கச் சிரிப்பு வந்து முன்னால் நின்றுகொள்ளும். குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் சிரிக்கின்றன, மேலே தூக்கிப் போடுகிறவர்கள் அதைச் சந்தோஷம் என்று நினைத்து இன்னொரு தடவை போடுகிறார்கள். எறிந்தவன் கை வந்து பிடிக்குமா என்று தெரியாத அந்தக் கால் வினாடி. அந்தப் பயம்தான் நேற்றுச் சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. ஆனால் இதை எப்படி வாட்ஸப்பில் போடுவது? ‘ஆட்சேபணை: என் சிரிப்பு என்னுடையது அல்ல.’ நன்றாயிருக்கும். போட்டுவிட்டு ஊரைவிட்டே போகலாம். ஹரிஹரசுதன் மேலே எங்கேயோ செல்போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான், வளைவுகளில் பஸ் சாய்ந்தபோதெல்லாம் அவனும் முழு நீளத்துக்கும் ஆடினான், கொடியில் காயப்போட்ட பேன்ட் மாதிரி. அவனுடைய பை பின்னாலிருந்த அம்மாவின் மூக்கில் ஒரு முறை, ஜன்னல் கம்பியில் ஒரு முறை. ஷாஹிதா கேட்டாள், “விராட்டிபத்து தாண்டிருச்சு. என்ன எழுதுன?” “ஒண்ணுமில்ல.” “அப்ப விட்டுரு. சுவரிதழ எவன் படிக்கிறான்.” “நான் படிப்பேன்ல.” தினமும் லேபுக்குப் போகிற வழியில், அந்தச் சுவரைத் தாண்டித்தான், சிரித்து ஒப்புக்கொண்டார், பரீட்சை முடிகிறவரைக்கும், பசை காய்ந்து ஓரம் சுருண்டு மழையில் ஊறி எழுத்து மங்குகிறவரைக்கும். புதிதாக வருகிற முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் நின்று படிப்பார்கள். அதில் ஒருத்தி குட்டையாக இருப்பாள், எப்போதும் ஒருத்தி இருப்பாள், படித்துவிட்டு அடுத்த தடவை தன்னை எவனாவது தூக்கினால் அவளும் சிரிப்பாள்.

காளவாசலை நெருங்கினால் பஸ்காரர்கள் எல்லாருக்கும் ஒரு வேகம் வந்துவிடும், சிக்னல் விழுவதற்குள் தாண்டிவிட வேண்டுமென்று. அங்கயற்கண்ணிக்குச் சாலை தெரியாது. முன்னால் முதுகுகள், முதுகுகளுக்கு முன்னால் முதுகுகள். உயரமானவர்கள் கண்ணாடி வழியாக வருகிறதைப் பார்த்து நின்றுகொள்வார்கள், அவளுக்கு அந்த வசதி என்றைக்கும் இருந்ததில்லை, அதனால் அவள் வேறு எதையாவது பார்ப்பாள், தொங்குகிறது எதையாவது, தளும்புகிறது எதையாவது, டிரைவர் கண்ணாடியில் ஆடுகிற பூச்சரம், யாருடைய கூடையிலோ ஆடுகிற தூக்கு. பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்ப்பாள். இப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஷாஹிதாவின் மடியிலிருந்த தன் பாட்டிலை. பாதித் தண்ணீர். மட்டமாக நின்றது, லேசாக நடுங்கிக்கொண்டு. ஒரு வேதமுத்துவை ஒரு தும்பி எறிய முடியுமா. தண்ணீரின் விளிம்பு ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியது. முன்பக்கம். டிரைவரின் கால் பிரேக்கைத் தொட்டுவிட்டது, இன்னும் அமுக்கவில்லை, தொட்டுத்தான் இருக்கிறது, அவளுடைய கட்டை விரல் இரும்புக் காலின் அடியில் இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போனது, முட்டி இறுகியது, இதெல்லாம் அவள் கேட்காமலே, அவள் அப்போதும் தும்பியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள், தும்பி டீயைப் பார்க்கிறாள், டீ சாய்கிறது, ஆமாம், சாய்ந்தது, அந்த டம்ளரில் டீ ஒரு பக்கமாக ஏறி நின்றது, அழகுக்கு எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தோமே, சுழல்கிற சக்கரத்தில் டீ ஏன் சாயும், சக்கரம் ஒரே சீராகச் சுழன்றால் சாயாது, சக்கரம் நின்றால்தான், நிற்க ஆரம்பித்தால்தான்… தண்ணீர் சட்டென்று பாட்டிலின் கழுத்துவரைக்கும் ஏறியது. பஸ் அலறிக்கொண்டு நின்றது. மொத்தக் கூட்டமும் ஒரே உடம்பாக முன்னால் போனது, முன்னால் நின்ற முதுகுகள் இரண்டு பக்கமும் சரிந்து நடுவே வழி திறந்தது, கம்பியில் கொக்கி போட்டிருந்த விரல்கள் கழன்றன, செல்போன் எங்கேயோ பறந்தது, அவளுடைய இடது தோளை உரசிக்கொண்டு ஆறடியும் அதன் மேல் ஏறியிருந்த பையும் முன்னால், நேராக என்ஜின் மூடியை நோக்கி, அங்கே அந்தக் கைக்குழந்தைக்காரி, கொலுசு நழுவின பாதம். அங்கயற்கண்ணியின் கை பையின் மேல்பிடியைப் பிடித்துவிட்டது. யோசித்துப் பிடிக்கவில்லை, கண்ணுக்கு நேரே வந்தது, பிடித்தாள். கட்டை விரலில் ஆரம்பித்துக் கணுக்கால், முட்டி, இடுப்பு, தோள், மணிக்கட்டு வரை ஒரே கயிறு முறுக்கேறியது. அவனை நிறுத்த முடியவில்லை, அது அவளுக்கு அந்த நேரத்திலும் தெரிந்தது, நிறுத்துகிற பலம் அவளிடம் இல்லை, அது தேவையுமில்லை. கதவு கீலில் திரும்புகிற மாதிரி அவன் அவளைச் சுற்றிக்கொண்டு திரும்பினான், தன் வேகத்திலேயே, தன் எடையாலேயே, குழந்தைக்காரியை ஒரு சாண் விட்டுத் தாண்டி, டிரைவருக்குப் பின்னாலிருந்த தட்டியில் முதுகு மோதி, தரையில் பொத்தென்று உட்கார்ந்தான். செருப்பு வார் அறுந்துவிட்டது. கட்டை விரல் நகத்தோரம் தீயாய் எரிந்தது. தோள் கழன்ற மாதிரி இருந்தது. குழந்தை விழித்துப் பார்த்துவிட்டு, அழலாமா என்று யோசித்து, வேண்டாமென்று மறுபடி தூங்கிவிட்டது.

பிறகு பஸ்ஸே கத்தியது. “யோவ், கண்ணு தெரியல?” என்று டிரைவர் குறுக்கே வந்த ஆட்டோவை. “இவருக்குக் கண்ணு ரொம்பத் தெரியுது” என்று பின்னாலிருந்து டிரைவரை யாரோ. குழந்தைக்காரி கீழே கிடந்தவனைப் பார்த்து, பிறகு அங்கயற்கண்ணியைப் பார்த்து, “அம்புட்டுக்கூண்டு இருந்துக்கிட்டு எப்படிப் புடிச்ச தாயி?” என்றாள். பையை இறக்கச் சொன்ன அம்மா, “அப்பவே சொன்னேன், முதுகுல மூட்டைய வச்சுக்கிட்டு நின்னா சாயத்தான செய்யும்” என்று செல்போனைப் பொறுக்கிக் கொடுத்தாள். ஷாஹிதா ஒரு பையைக்கூடக் கீழே விடாமல் வாயை மட்டும் திறந்து வைத்திருந்தாள். அங்கயற்கண்ணிக்கு இது எதுவும் முழுசாகக் காதில் விழவில்லை. ஒரு பஸ், ஒரு பிரேக், இதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபித்துவிட முடியாது, அது அவளுக்குத் தெரியாதா, அடுத்த பிரேக்கில் அவளே விழலாம். அவள் யோசித்துக்கொண்டிருந்தது அதை இல்லை. தும்பி எறியவே இல்லை. எறிந்தது வளையம். நகரத்தின் சுழற்சியை நிறுத்துங்கள் என்று அதற்கு முந்தின காட்சியில் ஒலிபெருக்கியில் ஒரு குரல் வருமே, பின்னணி இசையில் பாதி அமுங்கிப்போய், அது வேதமுத்துவே போட்ட உத்தரவு, சுழற்சி நின்றால் குழாய்க் கதவுகளெல்லாம் மூடிக்கொள்ளும் என்று, அவளைக் குழாய்க்குள் போட்டு அடைப்பதற்காக, அவன் உத்தரவு போட்டான், மறந்துவிட்டான், கம்பியை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றான், அவள் மறக்கவில்லை, உதைபட்டுக் கிடந்தாலும் கண் டீ மேலேயே இருந்தது, எப்போது சாயும், எப்போது சாயும் என்று, கால்? கால் மேசைக்கு அடியில். அப்போது கட்டை விரல் மேசைக் காலுக்கு அடியில்தான் இருந்திருக்க வேண்டும், அது திரையில் தெரியாது, அடிச்சு வெச்ச மாதிரி அங்கேதான் இருந்திருக்கும். எவ்வளவு நம்பி எடுத்திருக்கிறார்கள். யாராவது ஒருத்தியாவது கவனிப்பாள் என்று எவ்வளவு நம்பி, விளக்கமே சொல்லாமல், ஒரு டம்ளர் டீயை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று தடவை பார்த்தும் தெரியாமல் போகட்டும் போகட்டும் என்று நான்தானே விட்டுக்கொடுத்தேன். தும்பிக்கு முதலில் அநியாயம் செய்தது யார்? அழுகை மாதிரி ஒன்று வந்தது, சிரிப்பு மாதிரியும் இருந்தது, இந்தத் தடவை அது அவளுடையது.

ஹரிஹரசுதன் தட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முழுசாக எழவில்லை, பாதியில் ஒரு கை என்ஜின் மூடியில் ஊன்றியபடி, அதனால் அவன் முகம் முதல் தடவையாக அவள் முகத்துக்கு நேரே இருந்தது. பை ஒரு தோளில் தொங்கியது. “தேங்க்ஸ்மா” என்றான். பிறகு குழந்தையைப் பார்த்தான், அதன் தொங்குகிற கொலுசைப் பார்த்தான். “நான் அது மேல… நீ மட்டும் புடிக்கலேன்னா…” பையை மெதுவாகக் கழற்றி ஷாஹிதாவிடம் நீட்டினான், அவள் தாடையால் இடம் ஒதுக்கி வாங்கிக்கொண்டாள். பஸ் மறுபடி நகர்ந்தது. அவனுக்குப் புரியாத ஒன்று இன்னும் அவனை விடவில்லை என்பது தெரிந்தது, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, லேபில் மீட்டரைப் பார்க்கிற அதே முகத்தோடு கேட்டான்: “எப்படி அங்கை? பிரேக் விழுந்தப்புறம் புடிச்சிருக்க முடியாது. நீ முன்னாடியே தயாரா நின்ன. உனக்கு ரோடே தெரியாதே?” அவள் அறுந்த செருப்பிலிருந்து காலை உருவினாள். கட்டை விரலை இரும்புக் காலின் அடியில், பழைய இடத்தில், வலியோடு, மறுபடி செருகிக்கொண்டாள். ஷாஹிதாவின் மடியில் பாட்டில் தண்ணீர் தளும்பி அடங்கிக்கொண்டிருந்தது.

“ஆட்சேபணை இருக்குண்ணே” என்றாள். “தும்பி டீ கேக்கல. எப்பப் பிரேக் விழும்னு பாத்துக்கிட்டிருந்தா.”